ஒரு படையினனின் மரணம்: சான்றுகள் பற்றிய சில சிந்தனைகள்

போரை ஆராயும் வரலாற்று மாணவன் சந்தைகளுக்கான போட்டியையும், அரசுகளுக்கிடையிலான முரண்பாடுகளையும், படைதிரட்டலின் பொருளாதார அடிப்படைகளையும் முதன்மைப்படுத்த வேண்டுமென்பதில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. போரில் மாண்ட ஒருவனின் மரணத்தைத் தேடிச் செல்வது குடும்பத்தவரின் வேலை, அல்லது பழம்பொருள் சேகரிப்போரின் பொழுதுபோக்கு என்ற எண்ணமும் நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகின்றது. எனினும் ஒருவன் எங்கே, எவ்வாறு மாண்டான் என்ற எளிய வினாவுக்கு விடை காண முற்படும்போது நாம் எதிர்கொள்வது அவனை மட்டுமன்று. அவனைப் பற்றி எழுதி வைத்தவர்களையும், எழுதாமல் விட்டவர்களையும் எதிர்கொள்கின்றோம். இக்கட்டுரை அத்தகையதொரு மரணத்தைப் பற்றியது.

கண்டியிலும் திருகோணமலையிலுமுள்ள பொதுநலவாயப் போர் மயானங்களைப் பார்த்தவர்கள், ஒரே அளவும் ஒரே வடிவமும் கொண்ட கற்கள் வரிசை வரிசையாக நிற்பதைக் கண்டிருப்பர். அவை இரண்டாம் உலகப் போரில் இறந்தோருக்கானவை. கண்டியில் பிரித்தானியரும் இந்தியரும் கிழக்கு ஆபிரிக்கரும் இலங்கையரும் அருகருகே கிடக்கின்றனர். இம்மயானங்களைப் பராமரிக்கும் ஆணைக்குழு உலகெங்கும் அடையாளங் காணப்படாதோரின் கற்களில், இவன் யாரென்பது இறைவனுக்கே தெரியும் என்னும் பொருள்பட ஒரு தொடரைப் பொறிப்பது வழக்கம். அத்தொடரைத் தெரிந்து கொடுத்தவர் றட்யார்ட் கிப்ளிங். வெள்ளையனின் சுமையைப் பாடிய கவிஞர், ஏகாதிபத்தியத்தின் இலக்கியக் குரல் என்று நாம் அறிந்திருக்கும் அதே கிப்ளிங். அவருடைய ஒரே மகனும் அத்தகைய பெயரற்ற கல்லொன்றின் கீழ் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடந்தான் என்றே அவ்வாணைக்குழு பின்னர் கூறியது.

ஜோன் கிப்ளிங் 1897 ஆகஸ்ட் 17ஆம் நாள் பிறந்தவன். கடுமையான கிட்டப்பார்வை உடையவன். கண்ணாடியின்றிச் சில அடி தூரத்திலுள்ளதையும் தெளிவாகக் காண இயலாதவன். 1914 ஆகஸ்டிலே போர் மூண்டபோது கண்பார்வை காரணமாகப் படை அவனை ஏற்க மறுத்தது. தந்தை தம் நண்பரான பீல்ட் மார்ஷல் றொபேர்ட்ஸ் பிரபுவை அணுகினார். அவர் ஐரிஷ் காவற்படையின் கௌரவத் தலைவர். பதினேழு வயது நிரம்பும் தறுவாயிலிருந்த ஜோனுக்கு அப்படையிலே அதிகாரிப் பதவி கிடைத்தது. ஆளும் வர்க்கத்தினர் தம் பிள்ளைகளைப் போரிலிருந்து காப்பாற்றச் செல்வாக்கைப் பயன்படுத்தினர் என்பது பொதுவான குற்றச்சாட்டு. இங்கே செல்வாக்கு எதிர்த்திசையிலே பயன்பட்டது. தம் ஏகாதிபத்தியக் கொள்கையிலே கிப்ளிங்குக்கு இருந்த நம்பிக்கை போலியானதன்று என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்நம்பிக்கையின் விலையை அவருடைய மகன் கொடுத்தான்.

1915 ஆகஸ்டிலே இரண்டாம் பற்றாலியனுடன் ஜோன் பிரான்சு சென்றான். அடுத்த மாதம் 25ஆம் நாள் லோஸ் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரை அடுத்த சமவெளியிலே பிரித்தானியப் படைகள் தாக்குதலைத் தொடங்கின. பிரித்தானியர் முதன்முறையாக நச்சுவாயுவைப் பயன்படுத்தியதும் அன்றுதான். மறுநாள் களத்திலிறக்கப்பட்ட அனுபவமற்ற இரு சேமப் பிரிவுகள் சிதறுண்டன. அந்த இடைவெளியை நிரப்ப, சில வாரங்களுக்கு முன்னர்தான் உருவாக்கப்பட்ட காவற்படைப் பிரிவு 27ஆம் நாள் முன்னே அனுப்பப்பட்டது. சுண்ணக்கல் அகழியை அடுத்த சிறு காட்டைக் கடந்து, 'புய் 14 பிஸ்' எனப்பட்ட சுரங்கவாயிலை நோக்கி ஐரிஷ் காவற்படையினர் சென்றனர். அச்சுரங்கவாயிலை அண்டிய கட்டடங்களின் அருகே ஜோன் இறுதியாகக் காணப்பட்டான். பதினெட்டு வயது நிரம்பி ஆறு வாரங்களே ஆகியிருந்தன.

ஒக்டோபர் 2ஆம் நாள் வந்த தந்தி, காயமுற்றுக் காணாமற்போனதாக மட்டுமே தெரிவித்தது. இறந்ததாக எவரும் சொல்லவில்லை, உடல் கிடைக்கவில்லை. அதன் பின்னர் கிப்ளிங் தம்பதியர் மேற்கொண்ட தேடுதல், தனியார் ஒருவர் மேற்கொள்ளக்கூடியவற்றுள் மிகப் பெரியனவற்றுள் ஒன்று. மருத்துவமனைதோறும் சென்று காயமடைந்த ஐரிஷ் காவற்படையினரை விசாரித்தனர். நடுநிலை நாடுகளின் பிரமுகர்களுக்கும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் எழுதினர். யேர்மன் மொழியில் அச்சிட்ட துண்டுப் பிரசுரங்களை விமானத்திலிருந்து எதிரியின் பக்கம் போடுவிக்கும் அளவுக்கு அவருடைய செல்வாக்கு எட்டியது.

கிடைத்த சாட்சியங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. அவற்றுள் ஒன்றை இங்கே குறிப்பிடுவது பொருந்தும். நாவலாசிரியர் றைடர் ஹகார்ட் கிப்ளிங்கின் நண்பர். அவர் 1915 டிசம்பரிலே ஐரிஷ் காவற்படையைச் சேர்ந்த ஒருவரைச் சந்தித்தார். எறிகணைத் துண்டொன்றினால் வாய்ப்புறம் சிதைந்த நிலையிலே, வலிதாளாது அழுதுகொண்டே காயத்துக்குக் கட்டுப்போட முயன்ற இளம் அதிகாரி ஒருவரைக் கண்டதாகவும், அவர் கிப்ளிங்கின் மகன் என்றே நினைப்பதாகவும், அழுவதைப் பிறர் கண்டதால் அவர் வெட்கமுறுவார் என்றெண்ணித் தாம் நெருங்காது சென்றதாகவும் அவர் கூறினார். ஹகார்ட் இதைத் தம் நாட்குறிப்பிலே பதிந்தார், தந்தைக்குச் சொல்லவில்லை. ஆய்வாளனுக்கு இன்று கிடைக்கும் சான்று, அதைத் தேடி அலைந்தவருக்கே மறைக்கப்பட்ட சான்றாகும். மேலும், அதிகாரி அழுவதைச் சாதாரணப் படையினன் பார்த்தலாகாது என்ற வர்க்க நாகரிகம் அக்கணத்திலும் ஒரு மனிதனை உதவி செய்யவிடாது தடுத்தது என்பது நம் கவனத்துக்குரியது.

இவ்விடத்தில் இலக்கிய மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. 'மை போய் ஜாக்' என்னும் கிப்ளிங்கின் கவிதையை மகனின் மரணத்துக்கான நேரடிச் சான்றாகக் கொள்வோர் பலர். 1997இல் மேடையேறிய நாடகமும் 2007இல் வெளிவந்த தொலைக்காட்சிப் படமும் அத்தலைப்பையே பயன்படுத்தியதால் இக்கருத்து மேலும் பரவிவிட்டது. ஆனால் அக்கவிதை 1916 ஒக்டோபரிலே, ஜட்லண்ட் கடற்போர் பற்றிய கட்டுரைகளுக்கு முகப்பாக வெளிவந்தது. ஆங்கிலேயர் 'ஜாக்' என்பது மாலுமியைக் குறிக்கும் பொதுப்பெயர். மகன் வீட்டிலே ஜோன் என்றே அழைக்கப்பட்டான். தந்தையின் துயரம் அக்கவிதையிலே கலந்திருத்தல் கூடும், அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் படைப்பை ஆவணமாக வாசிக்கும் அவசரம் நமது சங்க இலக்கிய ஆய்வுகளிலும் காணப்படும் குறைபாடாகையால் இதை எடுத்துக்காட்ட நேர்ந்தது.

தந்தை எழுதிய வரலாற்று நூலோ இதற்கு முற்றிலும் மாறானது. ஐரிஷ் காவற்படையின் போர்க்கால வரலாற்றை அவர் இரு தொகுதிகளாக எழுதி 1923இல் வெளியிட்டார். பற்றாலியன்களின் நாட்குறிப்புகள், அதிகாரிகளின் கடிதங்கள், நேரிற் கண்டோரின் கூற்றுகள் ஆகியவற்றை ஐந்தாண்டுகளுக்கு மேலாக ஒப்புநோக்கி எழுதப்பட்ட அந்நூலிலே மகனைப் பற்றி வருவது, பிற அதிகாரிகளின் பெயர்களோடு சேர்ந்த ஒரு வரிக் குறிப்பு மாத்திரமே. உறவுமுறை சொல்லப்படவில்லை. அவர் 1936 ஜனவரியில் இறக்கும்போது மகனின் உடல் எங்கே என்பது அவருக்குத் தெரியாது. லோஸ் நினைவுச் சின்னத்திலே, கல்லறை அறியப்படாத இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோரின் பெயர்களிடையே ஜோனின் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தது.

இத்தனை பேர் ஏன் பெயரிழந்தனர்? இதற்கான காரணங்களுள் ஒன்று மிக அற்பமானது. போரின் தொடக்கத்திலே பிரித்தானியப் படையினன் ஒவ்வொருவனும் ஓர் அடையாள வில்லையை மட்டுமே அணிந்திருந்தான். அவன் இறந்ததை உறுதிப்படுத்த அவ்வில்லை கழற்றி எடுக்கப்பட்டது. அதன் பின்னர் உடலிலே பெயர் எதுவும் எஞ்சுவதில்லை. எழுத்தலுவலகத்துக்குப் பெயர் போய்ச் சேர்ந்தது. மண்ணுக்கு உடல் போய்ச் சேர்ந்தது. இரண்டையும் இணைக்கும் தொடர்பு அறுந்தது. உடலோடு விடுவதற்கென இரண்டாவது வில்லை 1916 செப்டெம்பரிலேதான் வழங்கப்பட்டது. லோஸ் சமருக்கு அது ஓராண்டு பிந்தியது.

1919இல், களத்தைத் துப்புரவு செய்து உடல்களைத் திரட்டிய பிரிவினர் ஐரிஷ் காவற்படையின் லெப்டினன்ட் ஒருவரின் உடலைக் கண்டெடுத்தனர். பெயர் தெரியவில்லை. ஹெய்ன் என்னும் ஊரருகேயுள்ள சென் மேரி மயானத்திலே, ஐரிஷ் காவற்படையின் லெப்டினன்ட் ஒருவர் என்ற குறிப்புடன் அது அடக்கஞ் செய்யப்பட்டது. 1992இல் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு தன் கோப்புகளை மீளாய்வு செய்தபோது அவ்வுடல் ஜோன் கிப்ளிங்கினுடையதே என்று முடிவு செய்து கல்லை மாற்றியது.

அம்முடிவை எட்டிய வழி கழித்தல் முறையாகும். ஐரிஷ் காவற்படையின் லெப்டினன்ட்களுள் அப்பகுதியிலே மாண்டு, கல்லறை அறியப்படாதோர் எத்தனை பேர் எனக் கணக்கிட்டு, பொருந்தாதோரை ஒவ்வொருவராக நீக்கினர், எஞ்சியவர் ஒருவர். ஆயினும் ஒரு தடை இருந்தது. உடல் கண்டெடுக்கப்பட்ட இடத்தைக் குறிக்கும் வரைபடச் சுட்டெண் ஜோன் வீழ்ந்த இடத்தோடு பொருந்தவில்லை. அக்காலப் பதுங்குகுழி வரைபடங்களிலே நிலம் எழுத்துகளாற் குறிக்கப்பட்ட பெருஞ்சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பதிவேட்டிலே 'ஜீ' என்றிருந்தது. 'எச்' என்றிருப்பின் அது சுண்ணக்கல் அகழிக்கு அண்மையான இடமாகும். அடுத்தடுத்த பெருஞ்சதுரங்களின் ஒத்த புள்ளிகளுக்கிடையே தூரம் 6,000 யார். எழுதுவினைஞர் ஒருவரின் கைத்தவறே அது என ஆணைக்குழு கொண்டது.

இதனை ஏற்காதவர் இருந்தனர். ரோனி ஹோல்ற், வல்மாய் ஹோல்ற் என்னும் ஆய்வாளத் தம்பதியர் 1998இல் வெளியிட்ட நூலிலே இரு எதிர்வாதங்களை முன்வைத்தனர். ஒன்று, வரைபடச் சுட்டெண்ணை நமது வசதிக்கேற்பத் திருத்துவது முறையன்று என்பது. மற்றது பதவிச் சின்னம் பற்றியது. ஜோன் இறக்கும்போது இரண்டாம் லெப்டினன்ட். தோளிலே ஒரு நட்சத்திரமே அணிந்திருப்பான். அவனுடைய பதவி உயர்வு அவன் இறந்த பின்னர், 1915 நவம்பரிலேதான் அரச வர்த்தமானியில் வெளிவந்தது. ஆகவே இரு நட்சத்திரங்களுடன் கிடந்த உடல் அவனுடையதாகாது என்றனர். இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. வர்த்தமானி அறிவித்தல் பின்னோக்கி, ஜூன் மாதத்திலிருந்து செல்லுபடியாகும்படி விடுக்கப்பட்டது என்பது உண்மையாயினும், இறந்தவன் பின்னர் வந்த அறிவித்தலைப் பார்த்து நட்சத்திரம் தைத்துக்கொள்வதில்லை.

2016இல் வெளியான மற்றோர் ஆய்வு, அதே பதிவேட்டின் அயற்குறிப்புகளை ஒப்பிட்டும், படைப்பிரிவினுள் பதவி உயர்வு எவ்வாறு நடைமுறைப்பட்டது என்பதை ஆராய்ந்தும் ஆணைக்குழுவின் முடிவே சரியென நிறுவ முயன்றது. நமக்கும் அதுவே கூடுதலாகப் பொருந்துவதாகத் தோன்றுகின்றது. படையணிக்குள் ஒருவன் புதிய பதவியை ஏற்பதும் தலைநகரத்து வர்த்தமானி அதனை அச்சிடுவதும் ஒரே நாளில் நிகழ்வன அல்ல. அலுவலக ஆவணத்தின் திகதியை நிகழ்ச்சியின் திகதியாகக் கொள்வது, கல்வெட்டு வெட்டப்பட்ட ஆண்டைக் கோயில் எழுந்த ஆண்டாகக் கொள்வதைப் போன்ற தவறே.

ஆனால் இவ்விவாதத்தில் யாரும் கேளாத வினா ஒன்றுண்டு. கழித்தல் முறை யாருக்குப் பயன்படும்? லெப்டினன்ட் தரத்தில் ஒரு படையணியிலே காணாமற்போனோர் விரல்விட்டு எண்ணத்தக்கோர். ஆகவே ஒருவரை ஒருவராக நீக்கிச் சென்றால் இறுதியில் ஒரு பெயர் எஞ்சும். அதே நாளில், அதே காட்டருகே மாண்ட ஐரிஷ் கூலியுழைப்பாளிகளும் விவசாயிகளின் பிள்ளைகளுமான சாதாரணப் படையினருக்கு இது பொருந்தாது. அவர்களின் தோளில் நட்சத்திரமில்லை. எச்சங்களிலே கிடைப்பது படையணியின் பொத்தானும் தொப்பிச் சின்னமுமே. அவை நூற்றுக்கணக்கானோருக்குப் பொதுவானவை. எத்தனை பேரைக் கழித்தாலும் பலர் எஞ்சுவர். ஆகவே அடையாளங் காணலின் தருக்கத்தினுள்ளேயே படைத்தரமும், அதனூடாக வர்க்கமும் உறைந்து கிடக்கின்றது. இதில் ஆணைக்குழுவின் எழுதுவினைஞர் எவரையும் குறைகூற இடமில்லை.

ஏனைய சான்றுகளின் நிலையும் இதுவே. சாதாரணப் படையினரின் சேவைக் கோப்புகள் இலண்டனிலே களஞ்சியமொன்றில் வைக்கப்பட்டிருந்தன. 1940 செப்டெம்பரிலே யேர்மன் குண்டுவீச்சினால் அவற்றுள் ஏறத்தாழ 60 வீதமானவை எரிந்தழிந்தன. பற்றாலியன் நாட்குறிப்புகள் எஞ்சியுள்ளன. அவற்றிலே அதிகாரி இறந்தால் பெயர் எழுதப்படும். மற்றையோர் இறந்தால் பெரும்பாலும் தொகை எழுதப்படும்.

நேர்மை கருதி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1917இல் அமைக்கப்பட்ட ஏகாதிபத்தியப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு, தரம் கருதாது யாவர்க்கும் ஒரே வகைக் கல், செல்வர் தம் பிள்ளைகளின் உடலைத் தாயகத்துக்குக் கொண்டு செல்லத் தடை என்னும் விதிகளை வகுத்தது. 1920இல் பாராளுமன்றத்திலே இதற்கெதிராகக் கடும் வாதம் எழுந்தும் கொள்கை மாறவில்லை. கிப்ளிங்கும் அதனை ஆதரித்து நின்றார். ஆங்கிலச் சமூகத்தின் சாதாரண மயானங்களோடு ஒப்பிட்டால் அது உண்மையிலேயே சமத்துவத்தை நோக்கிய படிதான். எனினும் அச்சமத்துவத்துக்கு எல்லைக்கோடு இருந்தது. அது நிலப்படத்திலே காட்டக்கூடிய கோடு.

லோஸ் தாக்குதல் தொடங்கிய அதே நாளில், சற்று வடக்கே, எதிரியின் கவனத்தைத் திருப்புவதற்கென இந்தியப் படைகளும் தாக்குதலில் இறக்கப்பட்டன. கூர்க்காப் படையினரான குல்பீர் தாப்பா அங்கே காட்டிய வீரத்துக்கு விக்ரோறியாச் சிலுவை பெற்றார். ஆகவே அவருடைய பெயர் நூல்களில் உண்டு. பிரான்சிலே கல்லறையின்றி மாண்ட இந்தியப் படையினர் 4,700 பேரளவினரின் பெயர்கள் நெவ் சப்பேல் நினைவுச் சின்னத்திலே பொறிக்கப்பட்டுள்ளன. 1927 ஒக்டோபரிலே அது திறந்து வைக்கப்பட்டபோது கிப்ளிங்கும் சமுகமளித்திருந்தார்.

கிப்ளிங்கின் கைக்கு இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களும் வந்திருந்தன. பிரான்சிலிருந்து சிப்பாய்கள் ஊருக்கு எழுதியவற்றைத் தணிக்கை அதிகாரிகள் திறந்து வாசித்து, பகுதிகளை மொழிபெயர்த்து மேலிடத்துக்கு அனுப்பினர். அப்பகுதிகள் கிப்ளிங்குக்குக் கொடுக்கப்பட்டன. அவற்றை ஆதாரமாகக் கொண்டு, பேரரசுக்கு விசுவாசமான இந்தியப் படையினர் எழுதுவன போன்ற கற்பனைக் கடிதங்களை அவர் 1917இல் எழுதினார்; மறுவருடம் 'ஆசியாவின் கண்கள்' என்னும் பொருளுடைய தலைப்பில் நூலாயிற்று. தன் மகனைப் பற்றி ஒரு வரியேனும் கிடைக்காதா எனத் தேடிய அதே காலத்திலே, தம் மக்களைப் பற்றி ஒரு வரிக்காகப் பஞ்சாபிலே காத்திருந்த பெற்றோருக்குரிய எழுத்துகளை அவர் பிரசாரத்துக்குரிய மூலப்பொருளாக்கினார். கிப்ளிங்கின் துயரை மதிக்கும் நாம் இதனை மறைத்தல் ஆகாது. அத்தணிக்கைப் பகுதிகளே, டேவிட் ஒமிசி 1999இல் பதிப்பித்த தொகுப்பின் வாயிலாக, சிப்பாய்களின் குரல் என நாம் இன்று படிக்கும் பிரதான சான்றாக விளங்குகின்றன. எழுத்தறியாதோர் பிறரைக்கொண்டு எழுதுவித்தவை, தணிக்கைக்கு அஞ்சி மறைத்து எழுதியவை, அதிகாரி தெரிந்தெடுத்தவை. இம்மூன்று திரைகளையும் விலக்கியே அவற்றை வாசித்தல் வேண்டும்.

ஐரோப்பாவைக் கடந்தால் பெயர்களும் மறைகின்றன. மெசொப்பொத்தேமியாவிலே மாண்டு கல்லறை அறியப்படாத 40,000க்கு மேற்பட்டோருக்கென 1929இல் பஸ்ராவிலே நினைவுச் சின்னம் எழுந்தது. பிரித்தானியப் படையினர் யாவரினதும் பெயர்கள் அதிலே பொறிக்கப்பட்டன. இந்தியருள் அதிகாரிகளின் பெயர்கள் மட்டும் இடம்பெற்றன. சிப்பாய்கள் படையணிவாரியாக எண்ணிக்கையாக்கப்பட்டனர். கிழக்கு ஆபிரிக்காவின் சுமைகாவிகளுக்கு எண்ணிக்கைகூட இல்லை. அங்கே, 1914 நவம்பரிலே, பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63ஆம் இலகு காலாட்படை தங்கா துறைமுகத்தில் இறக்கப்பட்டது. வாரக்கணக்காகக் கப்பலிலே அடைந்து கிடந்தவர்களைக் கொண்டு நடத்திய தாக்குதல் படுதோல்வியுற்றது. பிரித்தானிய நூல்களிலே அப்படையணியைப் பற்றி வருவது பெரும்பாலும் அது நிலைகுலைந்து ஓடியது என்ற பழி மாத்திரமே. திட்டமிட்ட தளபதிகளின் பெயர்கள் யாவும் தெரியும். ஓடாமல் நின்று செத்தவனின் பெயரைத் தேடுவோர் சிரமப்பட வேண்டியுள்ளது.

2021 ஏப்ரலில், அவ்வாணைக்குழுவே நியமித்த விசேட குழுவொன்றின் அறிக்கை வெளிவந்தது. முதலாம் உலகப் போரில் மாண்டோருள் 45,000 முதல் 54,000 வரையிலானோர் சமத்துவமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர் வரையில், பெயர் சுட்டியோ எவ்வகையிலுமோ நினைவுகூரப்படவில்லை என்றும் அது மதிப்பிட்டது. இவர்களிற் பெரும்பாலோர் ஆபிரிக்கரும் ஆசியரும் மத்திய கிழக்கினரும் ஆவர். ஆணைக்குழு மன்னிப்புக் கோரியது. கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்குமிடையே இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட வேறுபாடு நிற்பதே, எண்ணுவதற்குக்கூட ஏடுகள் எஞ்சவில்லை என்பதைக் காட்டுகின்றது.

எஞ்சியவை வேறிடங்களிலே கிடக்கின்றன. போரின் முடிவில் பஞ்சாப் மாகாண நிர்வாகம் படையிற் சேர்ந்தோரை ஊர்வாரியாகப் பதிந்த ஏடுகள் லாகூர் அருங்காட்சியகத்திலே பல தசாப்தங்களாகத் தேடுவாரின்றிக் கிடந்தன. ஏறத்தாழ 320,000 பேரைப் பற்றிய விபரங்கள் அவற்றிலே உண்டு. 2021இல் அவற்றுள் மூன்று மாவட்டங்களுக்குரியவை எவரும் தேடிப் பார்க்கக்கூடியவாறு மின்னியல் வடிவிலே முதலில் வெளியிடப்பட்டன. ஊர், பெயர், தந்தை பெயர், சேவை, இறந்தமை என்ற ஒழுங்கில் அமைந்த அவ்வேடுகளைக் கொண்டு, இலண்டனில் எண்ணாக இருக்கும் ஒருவனை ஜலந்தரிலே இன்னாருடைய மகனாகக் காண முடிகின்றது. கிப்ளிங்கின் மகனுக்குப் பயன்பட்ட அதே பொறுமையான ஒப்புநோக்கலே இங்கும் வேண்டப்படுவது: படையணியின் நாட்குறிப்பு, வரைபடம், ஊரேடு, குடும்பத்தவரின் வாய்மொழி.

தமிழ்நாட்டிலே வேலூர் லாங் பஜாரிலுள்ள மணிக்கூண்டில் ஒரு கல் பதிக்கப்பட்டுள்ளது. 1914 முதல் 1919 வரையிலான மகாயுத்தத்துக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர், அவர்களுள் 14 பேர் உயிர் துறந்தனர் என்று அது ஆங்கிலத்திலே சொல்கின்றது. பெயர் ஒன்றேனும் அதில் இல்லை. பதினான்கு பேர் பெருந்தொகையன்று. கழித்தல் முறைக்கு அடங்கக்கூடிய தொகைதான்.